புதன்கிழமை ஜீப், வெள்ளிக்கிழமை பிள்ளைகள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மயிலிட்டி உப தபால் கந்தோருக்குள் நாலு பெண்கள் நின்றார்கள். ஒருத்தரும் கதைக்கவில்லை. பலகைக்குப் பின்னால் இருந்த மகாதேவிக்கு அதுதான் முதலில் உறைத்தது. பதினான்கு வருஷமாக அவள் அந்தக் கதிரையில் உப தபால் அதிபராக இருக்கிறாள். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தபால் கந்தோரில் கடிதம் போடுவது பாதி வேலை, கதைப்பது மீதி வேலை. "பிள்ளையள், கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, போனிலை தந்தி சொல்லுறது கேக்குதில்லை" என்று அவள் சத்தம் போடாத நாளில்லை.

அன்றைக்கு அவர்கள் முத்திரை வாங்கினார்கள். காசை அவள் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார்கள். கடைசியாக நின்ற தங்கமுத்து, கடிதத்தைப் பெட்டிக்குள் போடக் கையைக் கொண்டு போனவள், என்ன நினைத்தாளோ, அதைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஊர் துக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் என்று மகாதேவி தனக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் நாள், வெள்ளிக்கிழமை, விடியும் நேரத்தில் இராணுவம் துறைமுக வீதியைச் சுற்றி வளைத்து, கதிரவேலுவின் மகன் கனகலிங்கத்தையும் அவன் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கனகலிங்கத்துக்குப் பத்தொன்பது வயது. சட்டை போடக்கூட விடவில்லை. அவன் தாய் குணலட்சுமி லொறிக்குப் பின்னால் ஓடி, உப்புக் கொட்டிலடியில் விழுந்து முழங்கால் உடைந்து கிடந்தாள். எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதம். அப்படிக் கொண்டு போகப்பட்ட பிள்ளைகளில் சிலர் வந்தார்கள், சிலரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

துக்கம் மட்டுமல்ல என்பது மத்தியானம் தெரிந்தது. பக்கத்து வளவில் கருவாடு காயவைக்கிற பூரணம், வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து குசினி வாசலுக்கு வந்து நின்றாள். மகாதேவியோடு பழகத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இப்படி நின்றதில்லை. நேரே அடுப்படிக்கு வந்து குந்துவாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது."

"கேளன்."

"புதன்கிழமை அந்த ஆமிக்காரனோடை என்ன கதைச்சனியள்?"

மகாதேவிக்குக் கையில் இருந்த அகப்பை நின்றது. "அவன் தந்தி அடிக்க வந்தவன். கந்தோருக்கு வாறவனோடை கதைக்காமல் எப்பிடி?"

"சிங்களத்திலை கதைச்சனியளாம்."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே."

"சிரிச்சனியளாம். ரண்டு பேரும் சிரிச்சதை வரிசையிலை நிண்டவை கண்டவையாம். புதன்கிழமை ஜீப் வந்தது. நீங்கள் சிரிச்சுக் கதைச்சனியள். வெள்ளிக்கிழமை பொடியளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அப்ப…" பூரணம் அதற்கு மேல் சொல்லாமல் சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

அப்படி ஒரு 'அப்ப'வை அவள் முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், வேறு பாஷையில்.

சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஐம்பத்தாறாம் ஆண்டில் அவளுக்குப் பதினெட்டு வயது. கடற்தொழில் செய்யும் குடும்பத்தில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய முதல் பெண்பிள்ளை. அடுத்த வருஷம் தபால் சேவையில் எடுபட்டுக் குருநாகலுக்குப் போனாள். குடியிருந்த வீட்டுக்காரி ஒரு சிங்களப் பெண். மாலை நேரங்களில் மா இடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பேசிப் பேசியே மகாதேவி அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த வீட்டுக்காரிதான் அவளை நெல்லறைக்குள் தள்ளிப் பூட்டினாள். வெளியே கூட்டம் நின்றது. சிங்களம் தெரியாமல் இருந்திருந்தால் அது வெறும் இரைச்சல். தெரிந்ததால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எங்கேயோ தமிழர் ஒரு சிங்களப் பெண்ணைக் கொன்றுவிட்டார்களாம். இந்த வீட்டில் ஒரு தமிழச்சி இருக்கிறாளாம். அப்படியென்றால்… கொன்றவர்களை அவளுக்குத் தெரியாது. கொல்லப்பட்டதாகச் சொன்ன பெண் உண்மையில் இருந்தாளா என்றே பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு 'அப்படியென்றால்' போட்டால் போதும், அவளை எரிக்கலாம் என்று வெளியே நின்றவர்களுக்குப் பட்டிருக்கிறது.

அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவள், தன் ஊரில் அந்தப் பயம் இல்லை என்று நினைத்துத்தான் இருபத்துநாலு வருஷம் நித்திரை கொண்டாள். அறுபத்துமூன்றில் உத்தியோக உயர்வுக்காகச் சிங்களச் சோதினை எடுத்தபோது சிலர் முகத்தைச் சுழித்தார்கள். அது அதோடு போய்விட்டது. சோமசேகரத்தைக் கட்டினாள். பிள்ளைகள் இல்லை. அவன் வள்ளத்தில் போய்வர, அவள் கந்தோரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா சிரிச்சனியள்?" என்று பூரணம் கேட்டாள். "அதைச் சொன்னால் நான் நாலு பேருக்குச் சொல்லுவன்."

சொல்லத்தக்க விஷயம்தான். முகாமுக்கு மீன் வாங்க ஒவ்வொரு புதன்கிழமையும் துறைமுகத்துக்கு ஜீப் வரும். சாரதிப் பொடியன் மீன் நிறுக்கும் நேரத்துக்குள் ஓடிவந்து வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் போட்டுவிட்டுப் போவான். அந்தப் புதன் அவன் தந்தியும் அடித்தான். அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கு வைக்கச் சொல்லி அவன் எழுதிய பெயர் அரை முழம். வாசித்து முடிக்க முன்னம் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும் என்று மகாதேவி சொன்னாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஆனால் தந்தியில் உள்ளதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் அவள். அதைவிட ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. ஆமிக்காரனின் தந்தியைப் பூரணத்துக்குச் சொன்னால், ஊர் என்ன சொல்லும்? அவன் தந்தியை எங்களுக்குச் சொல்லுகிறவள் எங்கள் தந்தியை அவனுக்குச் சொல்லாமலா விடுவாள் என்று கேட்கும். சொல்லாவிட்டால், மறைக்கிறாள் என்று சொல்லும்.

"அதை நான் சொல்லக் கூடாது, பூரணம். நான் ஆரையும் காட்டிக் குடுக்கேல்லை. அதைப் போய்ச் சொல்லு."

பூரணம் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள், கண் கலங்க. "செய்தவள் ஓம் எண்டோ சொல்லப் போறாள் எண்டு கேக்கினம், அக்கா."

"அப்பச் செய்யாதவள் என்ன சொல்லோணும்? அதைக் கேட்டனியோ?"

பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை மகாதேவி வழக்கம்போல எட்டரைக்குக் கந்தோரைத் திறந்தாள். பின்னால் ஆள் நிற்கிறபடியால்தானே இவ்வளவு துணிச்சலாகத் திறந்திருக்கிறாள் என்று சந்தியில் கதைத்தார்களாம். அன்று பின்னேரம் தலை சுற்றியது. அரை மணி முன்னதாகப் பூட்டினாள். குற்றம் இல்லாவிட்டால் ஏன் பூட்டினவள் என்றார்களாம். அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் குளிர் பிடித்தது. திறந்தாலும் அதே முடிவு, பூட்டினாலும் அதே முடிவு. அப்படியானால் அவள் செய்வதைப் பார்த்து அவர்கள் முடிவுக்கு வரவில்லை. முடிவை முதலே வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கிறார்கள். இனி மூச்சு விட்டாலும் சாட்சிதான்.

தபால் பெட்டிக்குள் கடிதம் விழுவது நின்றது. சனங்கள் கடிதத்தைக் கொண்டு காங்கேசன்துறைக்குப் போனார்கள். சோமசேகரத்தோடு வள்ளத்தில் போகும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காய்ச்சல் என்று சொன்னார்கள். சோமசேகரம் ஞாயிறும் திங்களும் கரையில் குந்தியிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். நல்ல மனிதன், அதிர்ந்து பேசாதவன். சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல் கேட்டான்:

"நீ ஏன் சிரிச்சனி?"

இருபது வருஷத்துக்குக் கிட்ட ஒரு பாயில் கிடந்த மனுஷன்.

"நீங்களும் அதை நம்புறியளோ?"

"நான் நம்பேல்லை. ஆனா ஊர் முழுக்க ஒரே கதையாக் கதைக்குது, மகா. இத்தனை பேரும் சும்மா சொல்லுவினமோ எண்டு… ஒரு நிமிஷம் எனக்கே…"

"இத்தனை பேரிலை எத்தனை பேர் கண்டவை? வரிசையிலை நிண்டது மூண்டு பேர். அந்த மூண்டு பேரும் கண்டது சிரிப்பை. மிச்சப் பேர் கண்டது ஒண்டுமில்லை."

அவன் கையைக் கழுவினான். "கொழும்புக்குப் போய் உன்ரை தங்கச்சியோடை ஒரு மாசம் நில்லு" என்றான். போனால் என்ன சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கந்தோர்க் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழைய கலண்டரின் பின்பக்கம். சிவப்புப் பெயின்ற்றால், தூரிகையால் எழுதிய ஒரே வரி: 'காட்டிக் கொடுத்தவரை மக்கள் மன்னிக்க மாட்டார்கள்.' பெயர் போடவில்லை. ஆனால் கதவு அவளுடையது. அந்த மாதிரித் தாள் ஒட்டப்பட்ட ஒரு மனிதனை இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு ஊரில் வீதியோரத்தில் பிணமாகக் கண்டெடுத்த செய்தியைப் பேப்பரில் அவளே வாசித்திருக்கிறாள். நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தாளை எடுத்தாள். சிவப்பு நகக்கண்ணுக்குள் போய் இரண்டு நாள் போகவில்லை.

இயக்கப் பொடியன்கள் சைக்கிளில்தான் வருவார்கள் என்பதால், அதன் பிறகு சைக்கிள் மணி கேட்டால் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டுக்கொண்டாள், முதுகுப் பக்கம் யன்னல் வராமல். ஆளில்லாத கந்தோரில் அப்படி இருந்தபோதுதான், எதிரே பூட்டிக் கிடந்த கடை அவள் கண்ணில் பட்டது.

அது அடைக்கலநாதனின் கடை. வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவன். அவன் தூரிகை பிடித்தால் எழுத்து அச்சுப் போல நிற்கும். தாளில் இருந்ததும் தூரிகை எழுத்து. வள்ளத்துக்கு அடிக்கும் அதே சிவப்பு. போன மாதம் குவைத்திலிருந்து அவன் தமையன் அனுப்பிய பதிவுத் தபாலை, கையெழுத்து வைக்க ஆள் வராதபடியால், அவள் விதிப்படி திருப்பி அனுப்பிவிட்டாள். நடு வீதியில் நின்று கத்தினான். "உனக்கு ஒரு நாளைக்குக் காட்டுறன்" என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடை பூட்டு. தாளை ஒட்டிவிட்டுத் தலைமறைவாகியிருக்கிறான். இல்லை, அதற்கும் மேலே. பிள்ளைகள் பிடிபட்ட இரண்டாம் நாள் ஒருவன் ஏன் காணாமற் போக வேண்டும்? காட்டிக் கொடுத்தவனே அவன்தான். பழியை இந்தப் பக்கம் திருப்பத்தான் தாளை எழுதியிருக்கிறான்.

ஐந்து காரணங்கள். ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றன. முதல் தடவையாக அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. பயத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. கந்தோர் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்த நேரம். வீதியில் ஒரு குருவி இல்லை. மகாதேவி உள்ளே கணக்குக் கட்டுகளுக்கு நடுவில் தனியே இருந்தாள். பாதி சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு, கண்ணாடி போட்ட மெலிந்த இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். மற்றவன் வாசலிலேயே நின்று வீதியைப் பார்த்தான். அவனுடைய சட்டையின் ஒரு பக்கம் மட்டும் கனத்துத் தொங்கியது.

"ரண்டு மணிக்குத்தான் திறப்பன், தம்பி."

"நாங்கள் முத்திரை வாங்க வரேல்லை, அக்கா. இருங்கோ." குரல் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையே அவளை நடுக்கியது. "உங்களுக்குச் சிங்களம் தெரியுமோ?"

"ஓம்."

"போன கிழமை, புதன்கிழமை, ஆமிக்காரன் இஞ்சை வந்தவனோ?"

"ஓம்."

"நீங்கள் அவனோடை கதைச்சனியளோ?"

"ஓம்."

"அப்ப?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி."

"நீங்கள் இல்லையெண்டால் வேறை ஆர்? உங்களுக்கு ஆரிலையாவது சந்தேகம் இருக்கோ? பயப்பிடாமல் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னதெண்டு வெளியிலை போகாது."

தப்ப ஒரு கதவு திறந்துவிட்டது. ஒரு பெயர் சொன்னால் போதும். அவள் வாய் தானாக அசைந்தது. "எதிரிலை…" என்றாள்.

கண்ணாடிக்காரன் குனிந்தான். "எதிரிலை?"

அந்த ஒரு நொடியில், அடுத்து வரப்போகும் கேள்வி அவளுக்குக் கேட்டது. ஏன் அவனிலை சந்தேகம்? அதற்கு அவள் சொல்லப் போவதும் கேட்டது. தூரிகை எழுத்து, அவனும் தூரிகையால் எழுதுகிறவன். கோபித்தான், அதனால் செய்திருப்பான். கடை பூட்டிய பிறகு தாள் வந்தது. அப்ப… அவளுடைய வாய்க்குள்ளேயே அந்தச் சொல் கிடந்தது. பிள்ளைகளுக்காக அழுத பெண்கள் அவளைப் பற்றிக் கட்டிய கதைக்கும், அவள் அவனைப் பற்றிக் கட்டிய கதைக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. ஒன்றையும் கண்ணால் காணவில்லை. பயந்த இடத்தில் இருந்து பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை எல்லாம் சேர்த்து முடிந்திருக்கிறாள். அவன் பெயரைச் சொன்னால், வாசலில் நிற்பவன் இரண்டு எட்டில் வீதியைக் கடப்பான்.

"எதிரிலை வெறும் சுவர் கிடக்க, என்ரை கதவிலை கொண்டு வந்து ஒட்டினவை எண்டு சொல்ல வந்தனான்" என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை. "ஆர் ஒட்டினது, ஆர் காட்டிக் குடுத்தது, ஒண்டும் எனக்குத் தெரியாது."

"தெரியாதெண்டு சொன்னால் நீங்கள் மறைக்கிறியள் எண்டுதானே நாங்கள் நினைக்கோணும்?"

"தெரியாது எண்டால் தெரியாது எண்டுதான், தம்பி. அதுக்குள்ளை வேறை ஒண்டும் இல்லை." பிறகு, எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாத ஒரு வீம்பில், பதிவுத் தபால் புத்தகத்தை இழுத்துப் பலகையில் விரித்தாள். முகவரி எழுதிய பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, திகதிகளை மட்டும் காட்டினாள். "பெயரைப் பாக்க விடமாட்டன். திகதியைப் பாருங்கோ. ஆனி மாசத்திலை இருந்து அந்த ஆமிக்காரன் ஒவ்வொரு புதனும் வாறான். பொடியளைப் பிடிக்க முன்னம் எட்டுப் புதன். எட்டுத் தரமும் நான் கதைச்சனான். ஏழு வெள்ளி ஒருத்தரும் பிடிபடேல்லையே. அதை ஏன் ஒருத்தரும் எண்ணேல்லை?"

அவன் விரலால் திகதிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"அந்த ஜீப் துறைமுகத்திலை ஒரு மணித்தியாலம் நிண்டது. மீன் வித்தவை, நிறுத்தவை, ஐஸ் ஏத்தினவை எல்லாரும் அவங்களோடை நிண்டவை. அவையளைப் பிடியுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. என்னை மட்டும் விசாரிச்சால் என்னைத்தானே காண்பியள் எண்டு சொல்லுறன்."

"உங்களுக்குப் பயமில்லையோ, அக்கா?"

"என்ரை கையைப் பாருங்கோ." புத்தகத்தின் மேலிருந்த கை, தாள் சலசலக்கும்படி நடுங்கியது. "பயப்பிடுறவள் குற்றம் செய்தவளாத்தான் இருக்கோணும் எண்டு இதையும் சேர்த்து எழுதிப்போடாதேங்கோ."

வாசலில் நின்றவன் மெல்லச் சீட்டி அடித்தான். கண்ணாடிக்காரன் நிமிர்ந்தான். "நாங்கள் விசாரிப்பம்" என்றான். நம்பினானா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் இல்லை. சைக்கிள்கள் போன திசையைக்கூட அவள் பார்க்கவில்லை. பின்கட்டுக்கு ஓடிக் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து எதிர்க்கடை திறந்தது. அடைக்கலநாதன் தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்து அஞ்சு முத்திரை கேட்டான். மனைவிக்கு வயிற்றில் ஒப்பரேசன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே கிடந்தானாம். "உங்கடை கதவிலை என்னவோ எழுதி ஒட்டினாங்களாம். சாப்பாடு கொண்டு வந்த பொடியன் சொன்னவன்" என்றான். "என்ரை கடைக்குப் பின்னாலை வைச்ச சிவப்புப் பெயின்ற்றுப் பேணி ஒண்டையும் காணேல்லை. உந்த நாசமறுவாங்கள் என்ரை பெயின்ற்றையோ எடுத்தாங்கள்? கவனமா இருங்கோ, அக்கா."

முத்திரையைக் கிழித்துக் கொடுக்கும்போது மகாதேவியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் போன பிறகும் நெடுநேரம் அந்த ஒற்றைச் சொல், 'எதிரிலை', அவள் தொண்டையில் நின்றது. அவள் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. சோமசேகரத்துக்கும்தான்.

மூன்றாவது கிழமை, கனகலிங்கத்தின் மச்சான் விடுதலையாகி வந்தான். அவன் சொன்னதிலிருந்துதான் காரணம் தெரிந்தது. எங்கேயோ ஒரு பஸ் எரிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அரை மைல் தள்ளி ஒரு சைக்கிள் கிடந்திருக்கிறது. அதிலிருந்த இலக்கத் தகடு கனகலிங்கத்தின் பெயரில் பதிந்தது. சைக்கிள் அங்கே கிடந்தது, அப்படியென்றால் அவன் அங்கே நின்றிருக்கிறான். அவ்வளவுதான். அந்தச் சைக்கிளை மருதனார்மடம் சந்தையில் யாரோ களவெடுத்துவிட்டதாக, பஸ் எரிவதற்கு மூன்று நாள் முன்னமே கதிரவேலு கிராமசேவகரிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

இனி ஊர் மகாதேவியிடம் வந்து மன்னிப்புக் கேட்கும் என்று பூரணம் நினைத்தாள். நடந்தது வேறு. மச்சான்காரன் வந்த மூன்றாம் நாள் காலை, கந்தோர் வாசலில் இரண்டு தாய்மார் வாழைப்பழச் சீப்போடு நின்றார்கள்.

"பிள்ளை, நீதானாம் சிங்களத்திலை கதைச்சு அந்தப் பொடியனை விடுவிச்சனி. என்ரை மோனுக்கும் ஒருக்காச் சொல்லன்."

மகாதேவிக்கு முன்பைவிட அதிகமாகப் பயம் பிடித்தது. அதே சிரிப்பு, அதே ஜீப். அவற்றை வைத்தே இப்போது அவளைத் தெய்வமாக்குகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது பிடிபட்டால் இதே சீப்பை வைத்தே அவளைத் திரும்பவும் மற்றப் பக்கம் தள்ளலாம். "நான் ஒண்டும் செய்யேல்லை, ஆச்சி" என்று அவள் கெஞ்சினாள். தன்னடக்கம் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் குணலட்சுமி வந்தாள். மகன் போனதிலிருந்து கந்தோர் வாசலை மிதிக்காதவள். முழங்காலில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"நான் விடுவிக்கேல்லை, குணலட்சுமி. சத்தியமா" என்று மகாதேவி முந்திக்கொண்டாள்.

"சரி. நீ விடுவிக்கேல்லை. நீ காட்டிக் குடுத்தனியோ எண்டும் எனக்குத் தெரியாது. இந்த ஒரு மாசமும் யோசிச்சுப் பாத்திட்டன், தெரியேல்லை. ஆனா உனக்குச் சிங்களம் தெரியும்தானே?"

"தெரியும்."

"சைக்கிள் களவு போனதுக்குக் கிராமசேவகர் தந்த துண்டு தமிழிலை கிடக்கு. மூண்டு தரம் முகாமுக்குக் கொண்டு போய்க் காட்டினம். வாசலிலை நிக்கிறவனுக்கு வாசிக்கத் தெரியாது. அதை அவங்களுக்குச் சிங்களத்திலை வாசிச்சுக் காட்ட எனக்கு ஒரு ஆள் வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

இத்தனை நாளில் அவளைப் பற்றி ஒருவர் சொன்ன, எந்தப் பக்கமும் சாயாத பேச்சு அதுதான். மகாதேவி ஒரு நாள் லீவு எழுதினாள்.

சோமசேகரம் கதவை மறித்தான். "உன்ரை காலாலை ஆமி முகாமுக்குப் போறியோ? இனி என்ன சொல்லுவினம்?"

"அதைத்தான் சொல்லுவினம்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவன் கதவை விட்டு விலகினான். பிறகு தானும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தான்.

முகாம் வாசலில் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தினார்கள். மகாதேவி சிங்களத்தில் பேசத் தொடங்கியதும் காவலில் நின்றவன் துவக்கை நேராக்கினான். உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். சைக்கிளைப் பற்றி அவர் கேட்கவில்லை. "இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறாய். யார் சொல்லித் தந்தது? உன்னை யார் அனுப்பினது?" என்று கேட்டார். பக்கத்தில் குணலட்சுமி எதுவும் விளங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் கந்தோர், குருநாகல், வீட்டுக்காரியின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு துண்டை விரித்து, வரி வரியாக, திகதியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். பஸ் எரிந்தது எந்தத் திகதி என்று கேட்டாள். அதிகாரி கொப்பியில் எதையோ எழுதினார்.

பத்து நிமிஷம் கனகலிங்கத்தைக் காட்டினார்கள். உயிரோடு இருந்தான். இடது கையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தான். குணலட்சுமி கம்பிக்குள்ளால் கையை விட்டு அவன் தலைமயிரைத் தடவியபடி, என்ன சாப்பிடுகிறாய் என்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் தெரிந்த முகங்கள் நாலைந்து இருந்தன. இரண்டு பேரும் முகாம் பக்கத்திலிருந்து ஏறியதைக் கண்டு, அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மகாதேவி யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மார்கழியில் கனகலிங்கத்தை விட்டார்கள். அந்தத் துண்டை வாசித்ததால்தான் விட்டார்களா, வேறு ஏதாவதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் 'தெரியாது' என்றே சொன்னாள். கண்ணாடிக்காரன் பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாது. சைக்கிள் மணிக்கு நெஞ்சு அடைப்பது மட்டும் நிற்கவில்லை.

தை பிறந்து சில நாளில் கனகலிங்கம் ஒரு படிவத்தோடு கந்தோருக்கு வந்தான். ஜேர்மனிக்கு அனுப்பத் தகப்பன் ஏற்பாடு செய்திருந்தார். கடவுச்சீட்டு விண்ணப்பம். அவனுடைய இடது கை முழுவதும் மடங்கவில்லை. தாளைப் பிடிக்க முடியாமல் தடுமாறினான். மகாதேவி வாங்கித் தானே நிரப்பினாள். பெயர், பிறந்த திகதி, ஊர். பயணத்தின் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

"இதிலை என்ன எழுத, தம்பி?"

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "பயம் எண்டு எழுதுங்கோ, அக்கா."

அவள் 'படிப்பு' என்று எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, அவனுடைய நல்ல கையில் கொடுத்தாள்.